ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு... மாத்திரைக்கு?

ஐந்து லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது? 2027-க்குள் என்ன மாற வேண்டும்?

ஆழ்வார்பேட்டையைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தமிழ்நாட்டு மருத்துவத்தின் எல்லா முகங்களையும் பார்த்துவிடலாம். டி.டி.கே. சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள், ஸ்கேன் சென்டர்கள், கிளினிக்குகள். வடக்கே போனால் 1911-ல் தொடங்கப்பட்ட ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. மேற்கே தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் குவிந்திருக்கும் டி.எம்.எஸ். வளாகம். ஏழைகளுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நிர்வகிக்கப்படுவதும் அந்த வளாகத்தில்தான்.

இதே தெருக்களுக்கு ஓ.எம்.ஆர். பக்கமிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து வருகிறார்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரிப் பெண்கள். நகரின் நடுவில் குடிசை போட்டு வாழ்ந்து, பிறகு ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் பல. வீட்டு வேலை, சமையல், குழந்தை பார்த்துக்கொள்வது, முதியவர்களுக்குத் துணை என்று ஆழ்வார்பேட்டையும் மயிலாப்பூரும் இயங்குவதே இவர்கள் உழைப்பில்தான். இவர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அரசு என்ன செய்கிறது? சர்க்கரை ஏறினால் என்ன செய்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அடகுக் கடைக்குப் போகாமல் ஆபரேஷன்

முதலில் திட்டத்தின் பலத்தைச் சொல்ல வேண்டும். 2009 ஜூலை 23 அன்று, கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 'கலைஞர் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம்' தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய உறுப்பினர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைய வரம்பு. 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா அரசு அதை மாற்றியமைத்து இப்போதைய பெயரில் கொண்டுவந்தது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனம் காப்பீட்டாளர் ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று வரம்பு உயர்ந்தது. 2022 ஜனவரியில் மீண்டும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது 1.37 கோடிக் குடும்பங்கள் திட்டத்தில் இருந்தன. வருமான வரம்பும் 1,20,000 ரூபாய் ஆனது.

ஆட்சிகள் மாறின. பெயர் மாறியது, காப்பீட்டு நிறுவனம் மாறியது. ஆனால் ஏழைகளுக்கான காப்பீட்டை யாரும் நிரந்தரமாக நிறுத்திவிடவில்லை. அடுத்த ஆட்சி அதை விரிவாக்கத்தான் செய்தது. தமிழ்நாட்டு அரசியலில் இப்படி நடப்பது அபூர்வம். ஏழைகள் இந்தக் காப்பீட்டு கார்டை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாய் செலவானது. தனியாரில் 31,845 ரூபாய். இது எல்லா நோய்களுக்குமான சராசரி. இதய ஆபரேஷன், புற்றுநோய் என்று போனால் கணக்கு லட்சங்களுக்குத் தாவிவிடும். கார்டு வருவதற்கு முன் அப்படி ஒரு நோய் வந்தால் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும். அதுவும் போதாமல் மீட்டர் வட்டிக்கு வாங்குவார்கள். நோயாளி பிழைத்தாலும் குடும்பம் எழுந்திருக்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளை ரொக்கம் கட்டாமல் பெறலாம் என்ற நிலை வந்தது சாதாரண மாற்றம் இல்லை. உறுப்பு மாற்று போன்ற பெரும் செலவுச் சிகிச்சைகளுக்குத் தனியாக ஒரு தொகுப்பு நிதியும் இருக்கிறது.

"அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இலவசமாச்சே, அப்புறம் எதற்குக் காப்பீடு?" என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டுத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் இதில் இணைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு நோயாளிக்குக் காப்பீட்டின் கீழ் ஆபரேஷன் நடந்தால் அந்தத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. அதில் ஒரு பங்கு கருவிகளும் வசதிகளும் வாங்கப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. ஏழையின் காப்பீட்டுப் பணம் முழுவதும் தனியார் கைக்குப் போகாமல், ஒரு பகுதி பொது மருத்துவத்தையே வலுப்படுத்துகிறது. இந்த அம்சத்தை எந்தச் சீர்திருத்தமும் தொட்டுவிடக் கூடாது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' இன்னொரு படி முன்னே போனது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவரிடம் வருமானச் சான்று கேட்காத திட்டம் அது. அந்த மனசு மற்ற இடங்களுக்கும் வர வேண்டும்.

மாதம் பத்தாயிரம் என்ற கோடு

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம். சென்னையில் இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கலாம். கணவர் ஆழ்வார்பேட்டை அபார்ட்மென்ட் ஒன்றில் வாட்ச்மேன், மாதச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவி மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். வீட்டுக்கு 3,000 வீதம் 9,000. மொத்தம் 21,000. ஆண்டுக்கு 2,52,000. வரம்பைப் போல இரு மடங்குக்கும் மேல். வாடகை, பஸ், பள்ளிக் கட்டணம் போக மாதக் கடைசியில் கையில் மிச்சம் நிற்காத குடும்பம் இது. ஆனால் காகிதத்தில் இவர்கள் ஏழைகள் இல்லை.

வேறு வழி உண்டா? வாட்ச்மேனின் ஏஜென்சி ஒழுங்காக இ.எஸ்.ஐ. பிடித்தால் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள், குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். ஏஜென்சி பிடிக்கவில்லை என்றால் அந்தக் கதவும் மூடியே இருக்கும். வீட்டு வேலை செய்யும் மனைவிக்கு இ.எஸ்.ஐ. என்ற பேச்சே கிடையாது. தனியார் இன்சூரன்ஸ் வாங்கலாம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்ட பிறகும் பிரீமியம் ஆண்டுக்குப் பல ஆயிரம். வயதான மாமியார் கூட இருந்தால் இன்னும் ஏறும்.

இப்படி ஏழைக்கும் வசதியானவருக்கும் நடுவில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்பவர்கள் இந்திய மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம், ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. தமிழ்நாட்டில் இந்தக் கோடு இன்னொரு கேட்டையும் செய்கிறது. உண்மை வருமானத்தைச் சொன்னால் கார்டு கிடையாது. குறைத்துச் சொன்னால் உண்டு. நேர்மையாக இருப்பவரை வெளியே நிறுத்தும் விதி நல்ல விதியாக இருக்க முடியாது.

2009-ல் வைத்த 72,000 ரூபாய் வரம்பு 2022 வரை அப்படியே கிடந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, கூலியும் ஏறியது. வரம்பு மட்டும் அசையவில்லை. கூலி சற்றே உயர்ந்ததற்காக எத்தனை குடும்பங்கள் திட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டிருக்கும்?

கவுன்ட்டரில் நடப்பது

கார்டு கையில் இருந்தும் தடுமாறுபவர்கள் உண்டு. ஒரு நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து, ரத்தக் குழாயில் அடைப்பு என்று தெரிகிறது. அடுத்த நிமிடம் குடும்பத்தார் ஓடுவது காப்பீட்டு கவுன்ட்டருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு கார்டு மூன்றையும் கேட்பார்கள். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு கார்டில். குடிசையை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அனுப்பியதில் முகவரி மாறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைச்சல். அது சரியானதும் ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் மருத்துவர்கள் பார்த்து அனுமதி தர வேண்டும். "அப்ரூவல் வந்துடுச்சா?" என்ற கேள்வியோடு வார்டுக்கும் கவுன்ட்டருக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள் உறவினர்கள்.

அப்ரூவல் வந்த பிறகு இன்னொரு சிக்கல் முளைப்பதுண்டு. "இந்த டெஸ்ட் கார்டில் வராது, வெளியே எடுத்துடுங்க", "நல்ல ஸ்டென்ட் வேணும்னா மேல கொஞ்சம் கட்டணும்" என்பன போன்ற பேச்சுகள். அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு நோயாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு விதி பேச எந்த மகனுக்குத் தைரியம் வரும்? கேட்ட பணத்தைப் புரட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு ரசீதும் இருக்காது, எந்தக் கணக்கிலும் வராது.

மருத்துவமனைகள் தரப்பிலும் ஒரு நியாயம் பேசப்படுகிறது. சிகிச்சைக்கு அரசு நிர்ணயிக்கும் பேக்கேஜ் தொகை உண்மைச் செலவுக்குப் போதவில்லை, பணமும் தாமதமாக வருகிறது என்கிறார்கள். இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தொகை குறைவாக இருந்தால் நல்ல மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொள்ளும். இருப்பவை நோயாளியிடம் கை நீட்டும். இரண்டிலும் அடி வாங்குவது ஏழைதான்.

டயாலிசிஸுக்கு உண்டு, பிரஷர் மாத்திரைக்கு இல்லை

திட்டத்தின் பெரிய குறை இதையெல்லாம் விட ஆழமானது. இந்தக் காப்பீடு பெரும்பாலும் நோயாளி மருத்துவமனைப் படுக்கைக்கு வந்த பிறகுதான் கண் விழிக்கிறது. புறநோயாளியாக மருத்துவரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் காப்பீட்டு கார்டு கண்டுகொள்வதில்லை.

2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டியது. மற்றவர்களுக்கு என்ன ஆகும்? சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகும், இதயம் அடைபடும், காலில் புண் ஆறாமல் போகும். அப்போது காப்பீடு வந்து நிற்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கும். ஒரு பிரஷர் மாத்திரையில் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு, அரசு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறது. நோயாளியோ உடம்பையும் வேலையையும் இழந்துவிட்டிருப்பார்.

இதை அரசு உணராமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. நகரங்களுக்காக 708 நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று அவற்றின் நேரம் வைத்தது நல்ல யோசனை. பகலெல்லாம் ஆழ்வார்பேட்டையில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு மாலை நேரம்தான் கைக்குக் கிடைக்கும். வீடு தேடி மாத்திரை வரும் காலை நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை.

ஆனால் இந்தத் திட்டங்கள் ஒரு பக்கம், காப்பீடு இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக ஓடுகின்றன. ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய நோயாளியின் விவரம் அவர் பேட்டை நல்வாழ்வு மையத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். அவர் மருந்தை நிறுத்திவிட்டாரா என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் மறுபடியும் அதே கவுன்ட்டரில் வந்து நிற்பார்.

அடையாறு அப்போதே சொன்னது

காப்பீட்டையும் நோய்த் தடுப்பையும் ஒன்றாக யோசித்த ஒருவர் தென்சென்னையிலேயே இருந்தார். மருத்துவப் பேராசிரியர் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி. 1958-ல் அவர் நிறுவிய வி.எச்.எஸ். என்ற தன்னார்வ மருத்துவ சேவை அமைப்பு, அடையாறு தரமணியில் மருத்துவமனை கட்டியது. குடும்பங்கள் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டி மருத்துவம் பெறும் 'மெடிக்கல் எய்டு பிளான்' என்ற ஏற்பாட்டையும் அது நடத்தியது. கிராமங்களில் சிறு சுகாதார மையங்களைத் தொடங்கி, நோய் வருமுன் வீட்டு வாசலுக்கே போனது. குறைவாக இருப்பவர் குறைவாகக் கட்டுவார், நிறைய இருப்பவர் நிறையக் கட்டுவார், எல்லோரும் உள்ளே இருப்பார்கள் என்பது அவருடைய கொள்கை.

அதில் ஒரு பாடமும் கிடைத்தது. விருப்பப்பட்டால் சேரலாம் என்று விட்டால் நோய் உள்ளவர்கள்தான் அதிகம் சேர்வார்கள், ஆரோக்கியமாக இருப்பவர்கள் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார்கள். மொத்தச் சமூகத்தையும் சேர்த்தால்தான் காப்பீடு நிற்கும்.

தாய்லாந்து 2002-ல் அதைத்தான் செய்தது. அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் வராத எல்லோரையும் ஒரே திட்டத்தில் சேர்த்து, ஒரு முறை மருத்துவரைப் பார்க்க 30 பாட் என்று வைத்தது. நோயாளி முதலில் போவது தன் வட்டாரச் சுகாதார மையத்துக்கு. புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் நோய்த் தடுப்பும் ஆபரேஷனும் ஒரே கூரையின் கீழ். தாய்லாந்து அப்போது பணக்கார நாடு இல்லை. தமிழ்நாட்டில் 1995 முதல் மொத்தமாக மருந்து வாங்கி விநியோகிக்கும் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, காப்பீடும் இருக்கிறது. பிரிந்து கிடப்பதைச் சேர்ப்பதுதான் பாக்கி.

2027-க்கு முன்னால்

2022-ல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியோடு முடிகிறது. புதிய ஒப்பந்தம் எழுதும் நேரம்தான் திருத்தவும் நேரம். செய்ய வேண்டியவை ஐந்து.

ஒன்று, வருமான வரம்பை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். வரம்புக்கு மேலே, ஐந்து லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்கள் திட்டத்தின் விலையிலேயே சந்தா கட்டிச் சேர வழி செய்ய வேண்டும். 2022-ல் அரசு ஒரு குடும்பத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்ட பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். ஆழ்வார்பேட்டையில் ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவு அது. புதிய ஒப்பந்தத்தில் தொகை கூடினாலும் தனியார் பாலிசியோடு ஒப்பிடக்கூடியதாக இருக்காது. நல வாரியங்கள் மூலமாகவும் ரேஷன் கார்டு மூலமாகவும் கூட்டமாகச் சேர்த்தால் சஞ்சீவி சந்தித்த சிக்கலும் வராது.

இரண்டு, டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு பில் தர வேண்டும். அரசு கொடுத்த தொகை எவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று அதில் அச்சாகியிருக்க வேண்டும். பணம் கேட்கும் மருத்துவமனையின் மேல் நடவடிக்கை எடுத்தால் அதை வெளியிட வேண்டும்.

மூன்று, பேக்கேஜ் தொகைகளை உண்மைச் செலவைக் கணக்கிட்டுத் திருத்தி, குறித்த நாளுக்குள் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். கை நீட்ட எவருக்கும் சாக்கு இருக்கக் கூடாது.

நான்கு, கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023-ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, நாடு முழுவதும் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்ததைச் சுட்டியது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததையும் குறிப்பிட்டது. எந்த மருத்துவமனையில் எத்தனை பேருக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை, எத்தனை மறுப்பு, எத்தனை புகார் என்று மாவட்டவாரியாக வெளியிட்டால் பாதித் தவறுகள் தானாக அடங்கும்.

ஐந்து, இதுவே முக்கியம். காப்பீட்டை நல்வாழ்வு மையங்களோடு இணைத்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் புறநோயாளிச் சிகிச்சை, பரிசோதனை, மருந்து ஆகியவற்றை அதே கார்டில் உரிமையாக்க வேண்டும். நோயைத் தடுக்கச் செலவழிக்காத காப்பீடு ஆண்டுக்காண்டு செலவை ஏற்றிக்கொண்டே போகும்.

கார்டு எடுக்க...

- ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.
- முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் தொழிலாளர் துறைச் சான்றுடன் சேரலாம்.
- சந்தேகமோ புகாரோ இருந்தால் கட்டணமில்லா எண்: 1800 425 3993.

பதினேழு ஆண்டுகளாக ஏழைகளை ஆபரேஷன் கடனிலிருந்து காப்பாற்றி வரும் திட்டம் இது. அதைக் குறை சொல்வது அதை உடைப்பதற்காக அல்ல, முழுமையாக்குவதற்காக. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசகர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம், உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம், காப்பீட்டு கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுத்து, கார்டு எடுத்துவரச் சொல்லுங்கள். பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றும் கேளுங்கள்.